கூலிக்குத் தீட்டிய நிறம்

அச்சிட்ட கோட்டுப் படத்தில் முயலுக்கும் கரடிக்கும் நிறம் கொடுப்பது குழந்தைகளின் விளையாட்டாவதற்கு முன்பு குழந்தைகளின் கூலி வேலையாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் செப்புத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட படங்களில் கறுப்புக் கோடு மட்டுமே விழும். நிறம் வேண்டுமென்றால் ஒவ்வொரு தாளிலும் கையால்தான் நீர்வண்ணம் பூச வேண்டும். அதற்குச் சிறுவர் சிறுமியரை மேசையைச் சுற்றி உட்காரவைத்தார்கள். எதிரே ஒரு மாதிரிப் படம் இருக்கும். ஒரு பிள்ளையிடம் சிவப்பு, அடுத்ததிடம் நீலம், அதற்கடுத்ததிடம் மஞ்சள். தாள் கைமாறிக் கைமாறி மேசையின் மறுமுனையில் வண்ணப் படமாக வந்து சேரும். சிவப்பைப் பிடித்த பிள்ளைக்கு நாள் முழுக்கச் சிவப்புதான்.

இப்படி வெளிவந்தவற்றில் பெயர்பெற்றது ஜான் ஹாரிஸ் என்ற பதிப்பாளர் 1807இல் வெளியிட்ட ‘தி பட்டர்ஃப்ளைஸ் பால்’. வில்லியம் ராஸ்கோ தம் மகனுக்காக எழுதிய பாட்டு அது. நத்தையும் தவளையும் அணிலும் வெட்டுக்கிளியும் விருந்துக்குக் கூடுகின்றன, அவ்வளவுதான் கதை. பிள்ளைகளுக்கான புத்தகம் என்றால் நீதி சொல்லியே ஆகவேண்டும் என்றிருந்த காலத்தில், எந்த நீதியும் சொல்லாத இந்தப் புத்தகம் புதுமையாக இருந்தது. இதுவும் இதைத் தொடர்ந்து வந்த மயில் விருந்துக் கதையும் சேர்ந்து ஓராண்டுக்குள் சுமார் 40,000 பிரதிகள் விற்றன. நிறமில்லாத பிரதி ஒரு ஷில்லிங், நிறம் தீட்டியது ஒன்றரை ஷில்லிங். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் கூலி அந்த அரை ஷில்லிங்குக்குள் அடங்கியது.

விலையிலிருந்த இந்த வேறுபாடுதான் விளையாட்டுக்கு வழிவிட்டது. அதே காலத்தில் லண்டன் கடைகளில் பொம்மை நாடகத் தாள்கள் விற்றன. நாடகப் பாத்திரங்களை வெட்டி எடுத்து அட்டை மேடையில் நிறுத்தி ஆடும் விளையாட்டு அது. வெறும் தாள் ஒரு பென்னி, வண்ணத் தாள் இரண்டு பென்னி. காசு போதாத பிள்ளைகள் வெறும் தாளை வாங்கிப்போய் வீட்டில் தாங்களே தீட்டினார்கள். சிலர் காசு இருந்தும் அப்படியே செய்தார்கள். நாவலாசிரியர் ராபர்ட் லூயிஸ் ஸ்டீவன்சன் அந்த ரகம். 1884இல் எழுதிய கட்டுரை ஒன்றில், இரண்டு பென்னி கொடுத்து வண்ணத் தாளை வாங்கிய பிள்ளைகளைத் தம்மால் மன்னிக்க முடியவில்லை என்கிறார். தீட்டி முடித்ததும் எல்லாம் கெட்டுப்போனதாகத்தான் தோன்றும் என்பதையும் அதே கட்டுரையில் ஒப்புக்கொள்கிறார். பிள்ளைகளோடு உட்கார்ந்து வண்ணம் தீட்டிப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

நிறம் தீட்டுவதற்கென்றே கோட்டுப் படங்களைத் தொகுத்து விற்பது அதற்கும் முந்திய வழக்கம். லண்டனில் ராபர்ட் சேயர் 1760இல் வெளியிட்ட பூக்களின் கோட்டுப் படத் தொகுப்பு அப்படிப்பட்டதுதான். ஆனால் அது ஓய்வும் வசதியும் உள்ள பெரியவர்களுக்கானது. குழந்தைகள் உள்ளே வர அச்சு இயந்திரம் மாற வேண்டியிருந்தது. 1830களுக்குப் பிறகு மரக்கட்டை அச்சிலும் கல் அச்சிலும் ஒரே படத்தைப் பல நிறங்களில் அடிக்கும் முறைகள் வளர்ந்தன. எட்மண்ட் எவன்ஸ் என்ற அச்சாளர் அந்தக் கலையை உச்சத்துக்குக் கொண்டுபோனார். கேட் கிரீன்அவே வரைந்த ‘அண்டர் தி விண்டோ’ நூலை 1879இல் அவர் முதல் பதிப்பிலேயே 20,000 பிரதிகள் அடித்தார். இயந்திரமே நிறம் தந்துவிட்ட பிறகு மேசைப் பிள்ளைகளுக்கு வேலை இல்லை. அதே 1879இல் லண்டனின் காசல் நிறுவனம் அதே கேட் கிரீன்அவேயின் கோட்டுப் படங்கள் 107ஐத் தொகுத்து, வீட்டுப் பிள்ளைகள் நீர்வண்ணம் தீட்டுவதற்கென்று ஒரு புத்தகம் போட்டது. கூலி கொடுத்துச் செய்வித்த வேலையைக் காசு கொடுத்து வாங்கிச் செய்யும் காலம் வந்துவிட்டது. அமெரிக்காவில் இவ்வகைப் புத்தகங்களைப் பரப்பியவர்கள் நியூயார்க்கின் மெக்லாக்லின் சகோதரர்கள். அவர்களும் முன்பு ஆள்வைத்து வண்ணம் பூசியவர்கள்தான். கிரீன்அவேயின் படங்களை அனுமதியின்றி எடுத்துப் போட்டதிலும் அவர்களுக்குப் பெயருண்டு.

தனிப் பெயரும் தனி உடையும் கொண்ட விலங்குப் பாத்திரம் இந்தப் புத்தகங்களுக்குள் வலுவாக நுழைந்தது பீட்டர் ராபிட்டோடுதான். பியாட்ரிக்ஸ் பாட்டரின் நீலச் சட்டை முயல் 1902இல் ஃப்ரெடெரிக் வார்ன் நிறுவனத்தின் வழியே புத்தகமாக வந்தது. அமெரிக்காவில் பதிப்புரிமையைப் பதிவுசெய்ய வார்ன் நிறுவனம் தவறியதால் அங்கே திருட்டுப் பதிப்புகள் வந்தன. அவற்றைத் தடுக்க வழியில்லாமல் போயிற்று. அதில் பாடம் கற்ற பாட்டர் 1903இலேயே முயல் பொம்மைக்குக் காப்புரிமை எடுத்துவிட்டார். 1911இல் ‘பீட்டர் ராபிட்ஸ் பெயிண்டிங் புக்’ வந்தது. பூனைக்குட்டி டாம் 1917இலும் வாத்து ஜெமைமா 1925இலும் தங்கள் வண்ணப் புத்தகங்களோடு வந்தார்கள். கதையை விற்ற பிறகு அதே பாத்திரத்தைப் பொம்மையாகவும் விளையாட்டாகவும் வண்ணப் புத்தகமாகவும் விற்கும் வழியை டிஸ்னிக்குக் கால் நூற்றாண்டு முன்பே இந்த அம்மையார் வகுத்துவிட்டார்.

பாட்டரின் வண்ணப் புத்தகத்தில் படங்கள் இரட்டையாக வரும். ஒன்று வண்ணத்தில், இன்னொன்று வெறும் கோட்டில். பார்த்துத் தீட்ட வேண்டும். பீட்டரின் சட்டை நீலம்தான். கூலிப் பிள்ளைகளின் மேசையிலிருந்த மாதிரிப் படம் இங்கே புத்தகத்துக்குள்ளேயே வந்துவிட்டது. எந்தெந்த வண்ணங்களை வைத்துக்கொள்வது, எதை எதோடு கலப்பது என்ற குறிப்புகளையும் பாட்டர் எழுதினார். தூரிகையை வாயில் வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கையும் உண்டு. அது வெறும் ஒழுக்கப் பாடமல்ல. அக்கால வண்ணப் பெட்டிகளில் வழக்கமாக இருந்த கம்போஜ் என்ற மஞ்சள், மரப்பாலிலிருந்து எடுப்பது. வயிற்றுக்குள் போனால் கடும் பேதியாகும்.

நீர்வண்ணத்துக்குக் கிண்ணமும் தூரிகையும் அருகில் ஒரு பெரியவரும் வேண்டும். மூன்று வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால் முதலில் கவிழ்வது கிண்ணம். வண்ணம் தீட்டும் வயதைக் கீழே இறக்கியது மெழுகுக் கிரேயான். எட்வின் பின்னி, ஹெரால்ட் ஸ்மித் என்ற உறவினர் இருவர் அமெரிக்காவில் நடத்திய நிறுவனம் கரிக் கறுப்பும் கொட்டகைகளுக்குப் பூசும் செந்நிறமும் விற்றுவந்தது. பிறகு பள்ளிகளுக்குத் தூசி பறக்காத சாக்பீஸ் செய்தது. அவர்களின் கிரயோலா 1903இல் எட்டு நிறங்களோடு ஒரு பெட்டி ஐந்து சென்ட் என்ற விலைக்கு வந்தது. உருகிய பாரஃபின் மெழுகில் நிறத்தூளைக் கலந்து அச்சில் வார்த்த குச்சி, அவ்வளவே. நனையாது, சிந்தாது, பிடிக்க எளிது. 1958இல் 64 நிறப் பெட்டி கூர்மைசெய்யும் துளையோடு வந்தது. குழந்தையின் வாய்க்குள் போகும் பொருள் என்பதால் பாதுகாப்புப் பற்றிய கேள்வி ஒருபோதும் ஓயவில்லை. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கக் கிரேயான்கள் சிலவற்றில் டால்க் வழியாகக் கல்நார்த் துகள் மிகச் சிறிதளவு சேர்ந்திருப்பதாகச் செய்தி வந்தபின், உற்பத்தியாளர்கள் சேர்மானத்தை மாற்ற ஒப்புக்கொண்டார்கள்.

இந்தப் பெட்டிகளில் நெடுங்காலம் உறுத்தலாக இருந்த ஒரு குச்சி உண்டு. வெள்ளையரின் தோல் நிறத்தை ‘சதை நிறம்’ என்று பெயரிட்டு விற்றார்கள்; 1962இல்தான் அதைப் பீச் பழத்தின் பெயருக்கு மாற்றினார்கள். மனிதப் படத்துக்கு நிறம் தீட்டும் பிள்ளை எந்தக் குச்சியை எடுப்பது என்ற கேள்வியைச் சந்தித்தே ஆகவேண்டும். நீல நாய்க்கும் பச்சைக் கரடிக்கும் அந்தச் சிக்கல் இல்லை. நிறுவனங்கள் இதை யோசித்து விலங்குகளைத் தேர்ந்தன என்று சொல்ல முடியாது; ஆனால் எந்த நாட்டுப் பிள்ளையின் கைக்கும் விலங்குப் பாத்திரங்கள் எளிதாகப் போய்ச் சேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

1930களில் வண்ணப் புத்தகம் மலிவுச் சரக்கானது. ஓஹையோ மாநிலம் ஆக்ரனில் சால்ஃபீல்டு நிறுவனமும், விஸ்கான்சின் மாநிலம் ரசீனில் விட்மன் நிறுவனமும் அகலமான மரக்கூழ்த் தாளில் இவற்றை அடித்துத் தள்ளின. தாள் சொரசொரப்பானது, அது குறையல்ல, கிரேயான் மெழுகு பிடிப்பதற்கு அந்தச் சொரசொரப்பு வேண்டும். அட்டைக்கு மட்டும் பல நிறம், உள்ளே ஒரே கறுப்பு மை, நடுவில் இரண்டு ஊசி. பொருளாதார மந்தத்தில் துவண்டிருந்த குடும்பங்களும் வாங்கக்கூடிய பத்துச் சென்ட் கடைகளில் இவை அடுக்கிக் கிடந்தன. கே கேமென் என்ற விளம்பரக்காரர் 1932இல் டிஸ்னியின் உரிமங்களை நிர்வகிக்கத் தொடங்கினார். மறு ஆண்டே விட்மனின் தாய் நிறுவனமான வெஸ்டர்ன், டிஸ்னி பாத்திரங்களைப் புத்தகமாக்கும் உரிமையைப் பெற்றது.

இதிலொரு வேடிக்கை உண்டு. மிக்கி மவுஸ் 1928இல் திரைக்கு வந்தபோது கறுப்பு வெள்ளை. ஞாயிறு இதழ்களின் படக்கதையில் 1932 முதல் வண்ணத்தில் வந்தது. மிக்கி நடித்துத் திரையரங்குகளுக்கு வந்த முதல் வண்ணப் படமான ‘தி பேண்ட் கான்சர்ட்’ 1935இல்தான் வெளியானது. இடைப்பட்ட ஆண்டுகளில் வீட்டுப் பிள்ளைகளின் கிரேயான் திரையரங்கை முந்திக்கொண்டது. வின்னி த பூஹ் என்ற கரடிக்கும் முதலில் நிறமில்லை. 1926 நூலில் ஈ. எச். ஷெப்பர்டு மைக்கோட்டில் வரைந்த கரடிக்குப் பெரும்பாலும் சட்டைகூடக் கிடையாது. 1930இல் அமெரிக்க வணிக உரிமையை வாங்கிய ஸ்டீபன் ஸ்லெசிஞ்சர் 1932இல் ஓர் இசைத்தட்டுப் படத்தில் அதற்குச் சிவப்புச் சட்டை போட்டுவிட்டார். பின்னால் வந்த டிஸ்னி அதையே நிலைப்படுத்தியது. கரடிக்குச் சிவப்புச் சட்டை என்று பிள்ளைகள் அடித்துச் சொல்வது ஒரு வியாபாரி எடுத்த முடிவு.

கார்ட்டூன் விலங்குகள் குழந்தையின் கைக்கு இவ்வளவு பொருந்துவதற்குக் காரணம் அவற்றை உருவாக்கிய தொழில்முறையில் இருக்கிறது. 1914ஐ ஒட்டி ஏர்ல் ஹர்டு கண்டுபிடித்த செல்லுலாய்டு முறையில் நகரும் பாத்திரத்தை மட்டும் கண்ணாடி போன்ற தாளில் தீட்டி, அசையாத பின்னணியின் மேல் வைத்துப் படமெடுப்பார்கள். திரையில் ஒரு நொடிக்கு 24 படம். ஒரு படத்தை இருமுறை எடுத்தாலும் நொடிக்குப் பன்னிரண்டு ஓவியம் வேண்டும். ஓவியரின் பென்சில் கோட்டை ஒருவர் மையால் செல்லுலாய்டின் முன்பக்கம் நகலெடுப்பார். அதைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தில் இன்னொருவர் கோட்டுக்குள் கெட்டியான வண்ணம் நிரப்புவார். கோடு எங்கும் விடாமல் மூடியிருக்க வேண்டும். உள்ளே நிழலோ சாயலோ இல்லாத ஒரே நிறம் வேண்டும். எத்தனை கை மாறினாலும் படம் மாறக் கூடாது. தடித்த கோடு, வட்ட உடம்பு, பெரிய வெற்றிடங்கள் என்று இந்தத் தேவைகளே கார்ட்டூன் விலங்கின் உருவத்தைச் செதுக்கின. வண்ணப் புத்தகம் போட்டவர்கள் அந்த உருவத்தில் மாற்ற வேண்டியது எதுவும் இருக்கவில்லை. விதிவிலக்கு உடம்பு முழுக்கக் கறுப்பான ஃபெலிக்ஸ் பூனையும் மிக்கியும்தான். அவற்றில் பெரும்பகுதியை அச்சகமே கறுப்பாக நிரப்பிவிடும். மிக்கியில் பிள்ளைக்கு மிஞ்சுவது அரைக்கால் சட்டையும் காலணியும்.

டிஸ்னியின் ‘மை மற்றும் வண்ணம்’ பிரிவில் வேலை பார்த்தவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். விரல்ரேகை படாமலிருக்கப் பருத்திக் கையுறை, மேசை மேல் வண்ணக் கிண்ணங்கள், எந்த இடத்துக்கு எந்த எண் வண்ணம் என்ற குறிப்பு. 1937இல் வந்த ‘ஸ்னோ ஒயிட்’ படத்துக்காக நிறுவனத்தின் கூடத்திலேயே சுமார் 1,500 சாயல்களைக் கலந்தார்கள். ஓவியராக வேலை கேட்டு எழுதிய ஒரு பெண்ணுக்கு 1938இல் நிறுவனம் அனுப்பிய மறுப்புக் கடிதம் பின்னாளில் பரவலாக வெளியானது. படைப்பு வேலை முழுவதும் ஆண்களுக்கு உரியது, பெண்கள் செய்யக்கூடியது கோட்டை நகலெடுப்பதும் சொன்னபடி நிறம் நிரப்புவதும்தான் என்று அதில் எழுதியிருந்தார்கள். ஹாரிஸின் மேசை நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து ஹாலிவுட்டில் திரும்பப் போடப்பட்டது. இம்முறை உட்கார்ந்தவர்கள் பிள்ளைகளல்ல, அவ்வளவுதான் மாற்றம். அங்கே தீட்டிய அதே எலியையும் வாத்தையும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பத்துச் சென்ட் புத்தகத்தில் தீட்டினார்கள். 1961இல் வந்த டால்மேஷன் நாய்ப் படத்தோடு கோட்டை நகலெடுக்கும் வேலையை ஜெராக்ஸ் இயந்திரம் பறித்துக்கொண்டது. அந்தப் படம் முழுவதிலும் 64 லட்சத்துக்கு மேற்பட்ட கரும்புள்ளிகள் இருப்பதாக நிறுவனம் கணக்குச் சொன்னது. நிறம் நிரப்பும் வேலை மட்டும் கைகளிலேயே நீடித்தது. பிறகு அதுவும் தைவான், தென்கொரியா, பிலிப்பைன்ஸ் என்று கூலி குறைந்த இடங்களைத் தேடிப் போனது. 1990இல் வந்த ‘தி ரெஸ்க்யூவர்ஸ் டவுன் அண்டர்’ படத்தில் டிஸ்னி முற்றிலும் கணினிக்கு மாறியது.

வண்ணப் புத்தகம் பரவிய அளவுக்கு அதற்கு எதிர்ப்பும் வளர்ந்தது. வியன்னாவில் ஃப்ரான்ஸ் சீசெக் 1897இல் தொடங்கிய வகுப்பு, குழந்தை தானாக வரைவதையே கலையாக மதித்தது. அந்த நகரத்திலிருந்து நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்கா போன விக்டர் லோவன்ஃபெல்டு 1947இல் எழுதிய ‘கிரியேட்டிவ் அண்ட் மென்டல் குரோத்’ நூல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகளில் நெடுங்காலம் பாடமாக இருந்தது. ஒரு பிள்ளை தன் மனம்போல வரைந்த பறவையையும், பயிற்சிப் புத்தகத்துப் பறவைக்கு நிறம் தீட்டிய பிறகு அதே பிள்ளை வரைந்த பறவையையும் அவர் அடுத்தடுத்து வைத்துக் காட்டினார். இரண்டாவதில் பிள்ளையின் பறவை காணாமல் போயிருந்தது. புத்தகத்தின் பறவைதான் இருந்தது. அச்சிட்ட நாயைப் பார்த்துப் பழகிய பிள்ளை, தன்னால் அப்படி வரைய முடியவில்லை என்று வரைவதையே விட்டுவிடும் என்பது அவருடைய வாதம்.

மறுபக்கத்தில் மரியா மாண்டிசோரி இருந்தார். 1907இல் ரோமின் சான் லொரென்சோ குடியிருப்பில் அவர் தொடங்கிய பள்ளியில், உலோகச் சட்டத்தைச் சுற்றிக் கோடு வரைந்து அதற்குள் வண்ணப் பென்சிலால் நிரப்பும் பயிற்சி எழுதுவதற்கு முந்திய படி. பேனா பிடிக்கும் கைக்கு வேண்டிய கட்டுப்பாடு அதிலிருந்து வருகிறது. மாண்டிசோரி பேசியது கையைப் பற்றி. லோவன்ஃபெல்டு பேசியது மனத்தைப் பற்றி. ஆகவே ஒருவர் சொன்னது மற்றவருக்குப் பதிலாகாது. மூன்று வயதுப் பிள்ளையைப் பொறுத்தவரை இருவருமே கொஞ்சம் அதிகமாகக் கவலைப்பட்டுவிட்டார்கள் என்றுதான் தோன்றுகிறது. அந்த வயதில் அச்சிட்ட கோடு பெரிதாகக் கண்ணில் படுவதில்லை. யானையின் மேலும் தாளின் மேலும் கிரேயான் ஒரே வேகத்தில் ஓடும். சான் ஃபிரான்சிஸ்கோவில் சுமார் பத்து லட்சம் குழந்தை ஓவியங்களைச் சேர்த்து ஆராய்ந்த ரோடா கெல்லாக், கிறுக்கலிலிருந்து வட்டம், வட்டத்திலிருந்து சூரியன், சூரியனிலிருந்து மனிதன் என்று பிள்ளைகள் தங்களுக்கென்று ஒரு வரிசையில் வளர்வதை 1969இல் எழுதினார். கோட்டுக்குள் நிற்கும் ஆசை அந்த வளர்ச்சியில் பிந்தித்தான் வருகிறது.

தொலைக்காட்சி வந்தபின் பாத்திரங்கள் பெருகின. ஹன்னா-பார்பரா நிறுவனம் செலவைக் குறைக்க யோகி கரடிக்குக் கழுத்துப் பட்டையும் டையும் கட்டியது. உடம்பை அசைக்காமல் தலையை மட்டும் தனித் தாளில் வரைய அது வசதி. 1958இல் வந்த ஹக்கிள்பெரி ஹவுண்ட் நீல நாய். அன்றைய வீடுகளில் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் பெட்டிதான் என்பதால், நாயின் நீலம் புத்தக அட்டையையும் பொம்மையையும் பார்த்துத் தெரிந்துகொண்டது. நெதர்லாந்தில் டிக் ப்ரூனா 1955இல் உருவாக்கிய மிஃபி முயல் வேறு வழியில் போனது. தடித்த கறுப்புக் கோடு, சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று விரல்விட்டு எண்ணும் நிறங்கள். அச்சிட்ட புத்தகமே ஒரு பிள்ளை கவனமாகத் தீட்டி முடித்த பக்கம்போல இருக்கும்.

தமிழ்நாட்டில் இந்தப் புத்தகங்களின் ஊர் சிவகாசி. தீப்பெட்டி லேபிள்களுக்காக அங்கே வளர்ந்த அச்சுத்தொழில் நாட்காட்டி, நோட்டு, பள்ளிப் புத்தகம் என்று விரிந்தபோது வண்ணம் தீட்டும் புத்தகங்களும் அதில் சேர்ந்தன. இங்கே கிரேயான் பெட்டி என்றால் பெரும்பாலும் ஒட்டகப் படம் போட்டதுதான்; பம்பாயில் தாண்டேகர் சகோதரர்கள் 1931இல் மை தயாரிப்பாகத் தொடங்கிய கேம்லின் நிறுவனத்தின் முத்திரை அது. உள்ளூர்ப் புத்தகங்களில் கிளி, மயில், யானை, பசு என்ற பால்வாடி வரிசையே நெடுநாள் நீடித்தது. மார்கழிக் கோலத்தில் மயிலுக்கு வெளிக்கோடு போட்டுக் கலர்ப் பொடி நிரப்பும் கைகளுக்கு இது அறிமுகமில்லாத வேலையுமல்ல. கார்ட்டூன் பாத்திரங்கள் பெருவாரியாக நுழைந்தது தமிழில் ஒலிமாற்றிய தொலைக்காட்சித் தொடர்களோடு. 2007இல் தொடங்கிய சுட்டி டிவி வழியாக டோராவும் சிவப்பு பூட்ஸ் போட்ட குரங்கு புஜ்ஜியும் வீட்டுப் பெயர்களானபின் பேன்சி ஸ்டோர் புத்தகங்களில் அவர்களின் சாயலில் உருவங்கள் தோன்றின. உரிமம் பெற்றவை எவை, பெறாதவை எவை என்று அட்டையைப் பார்த்துச் சொல்வது கடினம். மெக்லாக்லின் சகோதரர்களின் வழக்கத்துக்கு வாரிசுகள் எங்கும் உண்டு.

கணினியில் நிறம் நிரப்பும் வாளிக் கருவி 1984இல் மேக்பெயிண்ட் மென்பொருளோடு பரவலானது. 1989இல் வந்த கிட்பிக்ஸ் அதைப் பிள்ளைகளுக்கு ஏற்றதாக மாற்றியது. ஒரு முறை அழுத்தினால் மூடிய கோட்டுக்குள் நிறம் முழுவதும் பரவும். கோட்டில் சிறு இடைவெளி இருந்தால் பக்கம் முழுவதும் வழிந்துவிடும். செல்லுலாய்டுக் காலத்து விதி அப்படியே திரும்பியது. இன்றைய செல்பேசிச் செயலிகள் பலவற்றில் கோட்டைத் தாண்டவே முடியாது. மாண்டிசோரி எதிர்பார்த்த கைப்பயிற்சி இதில் இல்லை. லோவன்ஃபெல்டு அஞ்சிய அச்சுப் படம் மட்டும் இருக்கிறது. அச்சுப்பொறி உள்ள வீடுகளிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் இணையத்திலிருந்து எடுத்த ஒற்றைத் தாள் புத்தகத்தின் இடத்தைப் பிடித்துவருகிறது.

உரிமைகளும் காலாவதியாகத் தொடங்கிவிட்டன. அமெரிக்காவில் 1926ஆம் ஆண்டின் வின்னி கரடி நூல் 2022 ஜனவரி 1 அன்றும், 1928 படத்தின் மிக்கி 2024 ஜனவரி 1 அன்றும் பொதுவுடைமையாயின. அப்போது விடுபட்டவை அந்தப் பழைய வடிவங்கள் மட்டுமே. பிற்காலச் சேர்க்கைகளுக்கும் வர்த்தக முத்திரைகளுக்கும் நிறுவனங்களின் உரிமை தொடர்கிறது. ஷெப்பர்டின் கரடியை வைத்து அங்கே வண்ணப் புத்தகம் போட நினைக்கும் பதிப்பாளர் அட்டையில் அதற்குச் சிவப்புச் சட்டை மாட்டாமல் விடுவதே பாதுகாப்பு.